வாசுகி உட்கார்ந்த படம்

செப்டம்பர் 3, செவ்வாய்

காலையில் குழாயில் தண்ணீர் விட்டார்கள். டிரம்களை நிரப்பிவிட்டு ஸ்டுடியோவுக்குப் போகத் தாமதமாகிவிட்டது. ஸ்டுடியோ ஜெயசீலன் அண்ணனுடையது. நகைக்கடை விளம்பரத்துக்கு எடுத்த பெண்ணின் படங்களை என் கம்ப்யூட்டரில் திறந்து வைத்திருந்தார். படம் எடுப்பது அவர், தோல் என் பொறுப்பு. பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே கருப்பு, மூக்கோரத்து எண்ணெய் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும், எடுத்தது தெரியவும் கூடாது. அதற்காக மயிர்க்கால்களை மட்டும் அப்படியே விட்டுவைப்பேன். காந்திபுரத்தில் டச்சப் சுபத்ரா என்றால்தான் என்னைத் தெரியும்.

மத்தியானம் ருக்குமணி என்று ஒரு அம்மா வந்தார். வீடு கணபதியில். மூத்த மகள் ஹேமலதா போன வருஷம் ஐப்பசியில் டெங்குவில் போய்விட்டாளாம். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தையும் இருக்கிறது. முதல் வருஷத் திதிக்குப் பெரிய படம் வேண்டும் என்றார். கல்யாண ஆல்பத்தைக் கொண்டுவந்திருந்தார். அதில் முகம் முழுக்க வெள்ளையடித்து மெழுகு பொம்மை மாதிரி ஆக்கி வைத்திருக்கிறார்கள். போனில் இருந்தவை ஃபில்டர் போட்ட படங்கள், இல்லையென்றால் அசைந்த படங்கள். பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்துவிடும் என்று அண்ணன் சொன்னார்.

அந்தம்மா வாசலில் இருக்கும் எங்கள் போர்டைக் காட்டினார். பட்டுப்புடவை கட்டி, ஒரு பக்க வெளிச்சத்தில் திரும்பிப் பார்க்கும் பெண். பஸ்ஸில் இந்த வழியாகப் போகும்போதெல்லாம் ஹேமா அதையே பார்ப்பாளாம். பிள்ளை பெற்ற உடம்பு கொஞ்சம் வற்றட்டும், நானும் இப்படி ஒன்று எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தாளாம்.

"சின்னவளுக்கும் அவளாட்டவே மொகவெட்டுங்க. அவள உக்கார வெச்சு எடுத்துப்போட்டு, மூஞ்சிய மட்டும் பெரியவளா மாத்தித் தரோணும். முடியுமுங்களா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். முடியும் என்று நான் சொன்னேன்.

செப்டம்பர் 6, வெள்ளி

விஜயா அக்கா படத்தின் கண்ணாடியைத் துடைத்துப் பூப் போட்டேன். மல்லிகை கிடைக்கவில்லை, சம்பங்கிதான். அக்கா என் வீட்டுக்காரருடைய முதல் மனைவி. நான் இந்த வீட்டுக்கு வரும்போதே ஹாலில் இருந்த படம்.

கேஸ் புக் பண்ண வேண்டும்.

செப்டம்பர் 9, திங்கள்

சின்னவள் பெயர் வாசுகி. துணிச் சாயம் பரிசோதிக்கும் லேபில் வேலை பார்க்கிறாள். அம்மாவோடு வந்தாள். ஹேமாவின் அரக்குப் பட்டும் ஜிமிக்கியும் பையில் இருந்தன. ரவிக்கை இவளுக்குத் தொளதொளவென்று இருந்ததால் முதுகுப் பக்கம் ஊக்குக் குத்தி இழுத்துப் பிடித்தேன். மேக்கப் போடும்போது புனேயில் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னாள். பெரிய கம்பெனி, டிசம்பரில் சேர வேண்டும், தனியாக ஒரு ரூம் எடுக்கப் போகிறாள். அதைச் சொல்லும்போது கண்ணாடியில் அவள் முகம் பளிச்சென்று இருந்தது. மேக்கப்பே வேண்டியதில்லை என்று தோன்றியது.

சாஃப்ட் பாக்ஸ் விளக்கை இடது பக்கம் வைத்து எடுத்தோம். அவள் பல் தெரியச் சிரித்தாள். அண்ணனுக்குப் பிடித்திருந்தது. ஆனால் பெரியவள் அப்படிச் சிரிக்க மாட்டாள், வாயை மூடித்தான் சிரிப்பாள் என்று அந்தம்மா சொல்லிவிட்டார். வாசுகி வாயை மூடிக்கொண்டாள். தலையைச் சாய்க்கச் சொன்னார், சாய்த்தாள். தோளை இறக்கச் சொன்னார், இறக்கினாள். அவ்வளவு நேரம் விளக்குச் சூட்டில் உட்கார்ந்திருந்தும் ஒரு வார்த்தை சலித்துக்கொள்ளவில்லை.

செப்டம்பர் 10, செவ்வாய்

விஜயா அக்கா மகன் அரவிந்த் ஓசூரிலிருந்து போன் செய்தான். அப்பாவுக்கு மாத்திரை வாங்கியாச்சா என்று கேட்டான். வாங்கியாச்சு என்றேன். சரிங்க சித்தி என்று வைத்துவிட்டான்.

செப்டம்பர் 14, சனி

இந்த மாதிரி வேலை நான் செய்ததில்லை. இத்தனை வருஷமாக அழித்துத்தான் பழக்கம்.

ருக்குமணி அம்மா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். முதலில் வாசுகியுடையதை எடுக்க வேண்டும். நெற்றியில் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு, தாடைக்குக் கீழே குக்கர் ஆவி பட்ட இடம், இடது கன்னத்தில் மூன்று மச்சம். எடுத்துவிட்டேன். பிறகு பெரியவளுடையதை வைக்க வேண்டும். புருவ ஓரத்தில் அம்மைக் குழி, கீழுதட்டுக்கு அடியில் மச்சம், மூக்குத்தி பழுத்து ஆறியதில் ஒரு கருமை. போன் படங்களைப் பார்த்தும் அந்தம்மாவைக் கேட்டும் வைத்தேன். அம்மைக் குழிக்குத்தான் நேரம் பிடித்தது. வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வருவதால் குழியின் இடது விளிம்பு இருண்டு, வலது விளிம்பில் துளி வெளிச்சம் நிற்க வேண்டும். இல்லையென்றால் ஒட்டவைத்த பொட்டு மாதிரி இருக்கும்.

சரியாக விழுந்ததும் அந்தம்மா ஸ்கிரீனைத் தொட்டார். நான் தடுக்கவில்லை. சின்னதில் அந்தக் குழியில் பவுடர் தங்கிவிடுமாம், விரலால் துடைத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவாராம்.

செப்டம்பர் 20, வெள்ளி

அக்கா படத்துக்குப் பூ. இவர் இன்று பல்பு மாற்றச் சொன்னார், படத்துக்கு மேலே இருக்கும் சின்ன பல்பு. மாற்றினேன்.

ருக்குமணி அம்மா மறுபடி வந்தார். தோலெல்லாம் ஹேமாதான், கண் மட்டும் வாசுகி கண் என்றார். பயந்த மாதிரி இருக்கிறதாம். பார்த்தால் உண்மைதான். கண்ணை மாற்ற முடியாது, சுற்றியுள்ள தோலில் ஏதாவது செய்து பார்க்கிறேன் என்றேன்.

போகும்போது மருமகனைப் பற்றிச் சொன்னார். நந்தகோபால், பம்ப் கம்பெனியில் சூப்பர்வைசர். நல்ல மனுஷன். குழந்தை தாரிணியை அந்தம்மாதான் வளர்க்கிறார், ஞாயிற்றுக்கிழமை மருமகன் வந்து பார்த்துவிட்டுப் போகிறார். அடுத்து ஒரு கல்யாணம் பண்ணத்தானே வேண்டும், வெளியிலிருந்து எவளோ வந்தால் குழந்தை என்ன ஆகும் என்றார். "சின்னவளையே கட்டிக்கங்கன்னு நானும் சொல்லிப் பாத்துட்டனுங்க. இவ மொகத்துல அவ இல்லீங்க அத்தைன்னு சொல்லிப்போட்டாரு."

 அடுத்த வாரம் வரச் சொன்னேன்.

அக்டோபர் 1, செவ்வாய்

வந்துவிட்டது.

கண்ணுக்கு அடியில்தான் இருந்திருக்கிறது. வாசுகிக்கு அந்த இடம் இறுக்கமாக இருக்கும். பால் கொடுக்கிற பெண்ணுக்குத் தூக்கம் இருக்காது, அங்கே தோல் லேசாகத் தளர்ந்து நீலம் பாய்ந்திருக்கும். வேறு யாருக்காவது என்றால் முதலில் அதைத்தான் எடுப்பேன். இங்கே வைத்தேன். மேல் இமையில் ஒரு மெல்லிய மடிப்பும் வைத்ததும் பயம் போய்விட்டது. களைப்பும் நிம்மதியுமாக ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். நான் பார்த்தேயிராத பெண். அண்ணன் என் பின்னால் வந்து நின்று, அம்மாடி என்று மட்டும் சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதைவிட நன்றாக நான் எதையும் செய்ததில்லை.

சாயங்காலம் வேலை முடிந்து வாசுகி மட்டும் வந்தாள். அம்மா பார்த்துவரச் சொன்னாராம். கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அக்கா வந்துட்டா" என்றாள். ஸ்கிரீன் பக்கம் குனிந்து, "இதுல நான் எங்கீங்க்கா இருக்கேன்?"

அவள் சிரித்ததால் நானும் சிரித்தேன். காதும் கழுத்தும் உன்னுடையதுதான் என்று காட்டினேன். காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. கேமரா, விளக்கு, கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். பொரி கொஞ்சம் நமத்திருந்தது. பிரிண்ட் வந்துவிட்டது, ஆள் உயரத்தில் பாதி. ஃப்ரேம் போட அனுப்பியிருக்கிறது.

அக்டோபர் 24, வியாழன்

படத்தை மாட்டிக் கொடுக்க அண்ணனோடு கணபதிக்குப் போனேன். திதி கொடுத்து முடிந்து, இலை போடத் தொடங்கியிருந்தார்கள். ஹாலில் எல்லாருக்கும் நேராகத் தெரியும் இடத்தில் மாட்டினோம். சொந்தக்காரர்கள் எழுந்து பக்கத்தில் வந்துவிட்டார்கள். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

நந்தகோபால் வெளியில் பந்தலில் நின்றிருந்தார். கூப்பிட்டதும் வந்தார். ஒல்லியான ஆள், முன்தலையில் முடி கொட்டியிருக்கிறது. படத்துக்கு முன்னால் வந்து நின்று அம்மைக் குழி இருக்கும் இடத்தில் கண்ணாடியின்மேல் விரலை வைத்தார். எடுக்கவேயில்லை. யாரோ அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

அப்போதுதான் வாசுகி இடுப்பில் குழந்தையோடு சமையலறையிலிருந்து வந்தாள். கையில் தண்ணீர்ச் சொம்பு. தாரிணி படத்தைப் பார்த்தது. "அம்மா" என்றது. பிறகு வாசுகியின் கன்னத்தைப் பிடித்துத் திருப்பி, அவளைப் பார்த்தும் "அம்மா" என்றது.

நந்தகோபால் நிமிர்ந்தார். படத்தைப் பார்த்தார், வாசுகியைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். வாசுகி அவரிடம் தண்ணீரைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ருக்குமணி அம்மா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார்கள். சாப்பிட்டோம். பாயசம் நன்றாக இருந்தது.

நவம்பர் 6, புதன்

தீபாவளிப் பலகாரம் என்று ருக்குமணி அம்மா ஒரு டப்பா முறுக்கும் அதிரசமும் கொண்டுவந்தார். முகம் தெளிந்திருந்தது. திதியன்று முழுக்க மாப்பிள்ளை கணபதி வீட்டிலேயே இருந்தாராம். இருட்டிய பிறகும் படத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாராம்.

"திதிக்கு மக்யா நாளு அவரே போன் பண்ணி, உங்க இஷ்டமுங்க அத்தைன்னு சொல்லிப்போட்டாரு. எல்லாம் உங்க கையால வந்துதுங்க, அம்மிணி."

என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வாசுகி என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். சின்னப் பிள்ளைதானே, யோசிக்கிறாள், நல்லதைச் சொன்னால் கேட்டுக்கொள்வாள் என்றார். அவள் மட்டும் எங்கே போய்விடுவாள் என்றார்.

முறுக்கை அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

நவம்பர் 7, வியாழன்

தலைவலி. வேலைக்குப் போகவில்லை.

நவம்பர் 15, வெள்ளி

பூ.

இவர் நல்லவர் என்பதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஒரு நாள் கைநீட்டியதில்லை. சாப்பாட்டில் குறை சொன்னதில்லை. கல்யாணமான புதிதில் என்னை விஜி என்று கூப்பிட்டுவிட்டுப் பதறிப் போவார். நான்தான் பரவாயில்லை என்று சொல்வேன். இப்போது எப்போதாவதுதான். இப்போது அவர் பதறுவதில்லை, நானும் திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.

இதை எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை.

டிசம்பர் 2, திங்கள்

காலேஜ் பெண்கள் நான்கு பேருக்குப் படம். எல்லாருக்கும் கன்னம் கண்ணாடி மாதிரி வேண்டுமாம்.

மத்தியானம் வாசுகி வந்தாள். உறவுக்காரர்களுக்குக் கொடுக்கச் சின்னச் சின்னப் பிரதிகள் வாங்கிப்போக வந்திருந்தாள். அண்ணன் வெளி வேலையாகப் போயிருந்தார். மேக்கப் நாற்காலியில் உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தேன். புனேக்கு வரவில்லை என்று எழுதிவிட்டதாகச் சொன்னாள். யாரும் கட்டாயப்படுத்தவில்லையாம். ஒரு வாரம் முடியாது முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். பிறகு தாரிணிக்குக் காய்ச்சல் வந்தது. டெங்குவாக இருக்குமோ என்று வீடே நடுங்கியிருக்கிறது. அது இல்லை, சாதாரணக் காய்ச்சல்தான். ஆனால் அந்த மூன்று நாளும் குழந்தை இவள் காதைப் பிடித்துக்கொண்டு அம்மா அம்மா என்று மடியைவிட்டு இறங்கவில்லை.

"அதுக்குப் பொறகு என்னால முடியலீங்க்கா."

டீயைக் குடித்துவிட்டு டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் இப்படித்தான் கல்யாணம் ஆனது என்று அண்ணன் சொன்னாராமே என்று கேட்டாள். ஆமாம், அரவிந்துக்கு அப்போது நான்கு வயது என்றேன்.

"அவரு உங்களப் பாக்கறப்ப உங்களத்தான் பாக்கறாருங்களா?"

அவர் நல்லவர், ஒரு குறையும் வைக்கவில்லை என்று சொன்னேன்.

"நான் அதக் கேக்கலீங்க்கா."

வெளியில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் காத்திருந்தாள். பழுப்புக் கண். அருகில் பார்க்கும்போது தாடைக்குக் கீழே அந்த ஆவி பட்ட தழும்பு நன்றாகத் தெரிந்தது. எனக்கு அந்த முகத்தில் ஒவ்வொரு இடமும் தெரியும். எங்கே என்ன இருந்தது, எதை எடுத்தேன் என்று தெரியும்.

"பழகிரும் கண்ணு" என்றேன்.

தலையாட்டினாள். டெலிவரி வெள்ளிக்கிழமை என்று சொன்னால் கஸ்டமர்கள் தலையாட்டுவார்களே, அந்த மாதிரி. பிரதிகளை எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனாள். நான் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்?

ஜனவரி 17, வெள்ளி

பொங்கலுக்கு அரவிந்தும் மருமகளும் வந்து போனார்கள். கரும்புச் சக்கையைக் கூட்டி அள்ளவே ஒரு பொழுது ஆனது. அண்ணனிடம் வாசுகியின் கல்யாண ஆர்டரும் வந்திருக்கிறது.

பிப்ரவரி 10, திங்கள்

பேரூர்க் கோயிலில் கல்யாணம். கூட்டம் அதிகமில்லை. அண்ணனோடு நானும் போனேன். தாரிணி மணமக்கள் நடுவிலேயே உட்கார்ந்திருந்தது. நந்தகோபால் தாலி கட்டினார். முடிச்சுப் போட்டுவிட்டு அப்படியே அழுதுவிட்டார். எல்லாரும் அதைப் பார்த்து அழுதார்கள். வாசுகி அழவில்லை. முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். அவரையும் பாவம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ருக்குமணி அம்மா அவளை மூத்த மகள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஹேமா, இங்க வா சாமி என்று. யாரும் திருத்தவில்லை. அவளும் போனாள்.

பிப்ரவரி 26, புதன்

டிஸ்க் நிரம்பிவிட்டது, பழைய ஃபைல்களை எல்லாம் அழித்துவிடச் சொன்னார் அண்ணன். அழித்துக்கொண்டே வரும்போது செப்டம்பர் மாதப் படங்கள் வந்தன. வாசுகி வரிசையாக. ஒன்றில் அவள் அம்மா டீ குடிக்க வெளியே போயிருந்த நேரம், அண்ணன் வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக எடுத்தது. ஏதோ சொல்லிக்கொண்டே பல் தெரியச் சிரிக்கிறாள். புனேயைப் பற்றித்தான் இருக்க வேண்டும். நெற்றித் தழும்பு, மூன்று மச்சம், மேலுதட்டில் வேர்வை, எல்லாம் இருக்கிறது.

அதை மட்டும் அழிக்கவில்லை. ஒரு பிரிண்ட் போட்டேன். தொடவேயில்லை. இந்த ஸ்டுடியோவிலிருந்து நான் கை வைக்காமல் போகும் முதல் படம்.

மார்ச் 15, சனி

லீவு போட்டுச் சரவணம்பட்டிக்கு, வாசுகி வீட்டுக்குப் போனேன். நந்தகோபால் வேலைக்குப் போயிருந்தார். வாசுகி தாரிணிக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் இளைத்திருக்கிறாள், கண்ணுக்கு அடியில் கருத்திருக்கிறது. சந்தோஷமாகத்தான் வரவேற்றாள். ஹாலில் ஹேமா படம், அதற்கு மாலை. அம்மா வீட்டிலிருந்து மாமா இங்கே கொண்டுவந்துவிட்டார் என்றாள்.

கவரைக் கொடுத்தேன். இட்லிக் கையைத் துடைத்துவிட்டுப் பிரித்தாள். வெகுநேரம் பார்த்தாள். எப்போது எடுத்தது என்றுகூட அவளுக்கு ஞாபகமில்லை. குழந்தை எட்டிப் பார்த்து யாரு என்று கேட்டது. அவள் படத்தைக் கவருக்குள் போட்டாள்.

"நெம்ப நல்லாருக்குதுங்க்கா. ஆனா இத எங்க மாட்டுவேன்? இப்பத்தான் இவளுக்கு ஒரு அம்மான்னு ஆயிருக்குது. ரெண்டு படமும் இருந்தா கொழம்பிப் போயிருவா." கவரை என் மடியில் வைத்தாள். "நீங்களே வெச்சிருங்க. பத்திரமா இருக்கும்."

சரி என்றேன். காபி கொடுத்தாள். வாசல்வரை வந்து வழியனுப்பும்போது, "உங்க வீட்ல உங்க படம் மாட்டியிருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

இருக்கிறது என்றேன்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. வீட்டுக்கு வந்ததும் கவரில் என்ன என்று இவர் கேட்டார். ஸ்டுடியோ வேலை என்று சொல்லிவிட்டு, பீரோவில் என் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். பிறகு ஹாலுக்கு வந்து சுவரைப் பார்த்தேன். விஜயா அக்கா. மாமனார், மாமியார். அரவிந்தின் கல்யாணப் படம். அந்தக் கல்யாணப் படத்தில், வலது ஓரத்தில், ஆரத்தித் தட்டைப் பிடித்துக்கொண்டு நான் நிற்கிறேன். ஃப்ரேம் ஒரு தோளை வெட்டியிருக்கிறது. முகம் பாதி வந்திருக்கிறது.

அதனால் வாசுகியிடம் நான் சொன்னது பொய்யில்லை.